தறி நின்ற ஒரு மணி நேரம்

"இதைக் காதுல மாட்டிட்டா வீடு தீப்பிடிச்சாலும் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பிள்ளைக இம்புட்டு அலையுதுக."

ராஜபாளையத்தில் பெலிக்ஸின் செல்போன் கடை. பேச்சு தனக்குப் பின்னாலிருந்து வந்தாலும் யாருடையது என்று ஹெப்சிபாவுக்குத் திரும்பாமலே தெரிந்துவிட்டது. வைகுண்டராஜ். பன்னிரண்டு விசைத்தறிகளுக்கு முதலாளி. அவருடைய தறிக்கூடத்தில்தான் அவள் அம்மா செல்லக்கனிக்கு வேலை. கூடத்தை ஒட்டிய வரிசை வீட்டில்தான் வாடகைக்குக் குடியிருப்பு.

போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். சும்மா காத்திருக்க அவரால் முடியாது.

ஹெப்சிபா குனிந்தபடியே பெலிக்ஸிடம் மெதுவாகக் கேட்டாள். "ஐந்நூறு ரூபாய்க்குள்ள, வெளிச் சத்தம் உள்ள வராத மாதிரி இயர்போன் இருக்காண்ணே? இதுல நாய்ஸ் கேன்சலேஷன்னு போட்டிருக்கே."

"அதை நம்பாத தங்கச்சி. நீ போன்ல பேசுறப்ப உன் பக்கத்துச் சத்தம் எதிராளிக்குப் போகாது, அம்புட்டுதான். உன் காதுல விழுறது விழத்தான் செய்யும்." பெலிக்ஸ் வேறொரு பெட்டியைப் பிரித்தான். "இந்த வயர் வச்சதை எடுத்துக்க. மூணு சைஸ் ரப்பர் இருக்கு. காதை அடைச்ச மாதிரி உக்காரணும். எல்லாரும் இருக்குற ரப்பரோடயே மாட்டிப் பாத்துட்டு, சரியில்லன்னு திருப்பிக் கொண்டாருவாக."

அவள் மாற்றிப் பார்த்தாள். இடது காதுக்குச் சின்னது, வலது காதுக்கு நடுவளவு. வெளியே பஸ் அடித்த ஹாரன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

"செல்லக்கனி மவதானட்டி நீ?" வைகுண்டராஜ் பக்கத்தில் வந்துவிட்டார். "எதுக்கு இது?"

"பரிட்சைக்கு அண்ணாச்சி. ஜெர்மன். நர்ஸிங் முடிச்சிட்டு அங்க வேலைக்குப் போக. அவங்க பேசுறதைக் கேட்டுப் பதில் எழுதணும்."

"பாட்டுக் கேக்கன்னு சொல்லேன், நான் என்ன அடிக்கவா போறேன்?"

அந்தக் கேட்டு எழுதும் பகுதியில்தான் போன தடவை கோட்டை விட்டிருந்தாள். சனிக்கிழமை மறுபடி தேர்வு. இதிலும் போனால் கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் விமானம் ஏற, அவள் மட்டும் ஊரில் நிற்க வேண்டியதுதான்.

"பாரு பெலிக்ஸு, போன வாரம் இவ எங்கிட்ட வந்து என்ன கேட்டா தெரியுமா? சாயங்காலம் ஒரு மணி நேரம் தறியை நிப்பாட்டணுமாம், இவ படிக்க. எப்புடி இருக்கு கதை?"

பெலிக்ஸ் சிரித்து வைத்தான். அவர் நல்ல வாடிக்கையாளர்.

"அந்தச் சத்தத்துலதான் நாங்க படிச்சோம், கல்யாணம் முடிச்சோம், பிள்ளை பெத்தோம். பேண்டேஜ் துணிக்கு ஆஸ்பத்திரிக்காரன் காத்துக் கெடக்கான். அவன்கிட்டப் போயி, ஒரு பிள்ளைக்குப் பரிட்சைன்னு சொல்லவா?"

ஹெப்சிபா பணத்தைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள்.

ரப்பர் ஏமாற்றவில்லை. பன்னிரண்டு தறிகளும் எங்கோ தூரத்தில் பெய்யும் மழையாகிவிட்டன. புதன்கிழமை மாதிரித் தேர்வில் முதல் தடவையாகத் தேறினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த மழையும் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காதிலிருந்ததை எடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

தறிக்கூடத்து வாசலில் கோயம்புத்தூர்க் கார் ஒன்று. கார்க்காரரும் வைகுண்டராஜும் முற்றத்தில் நின்றார்கள். அவர்கள் காலடியில் விற்பனைக்கு ஐந்து ராஜபாளையம் நாய்க்குட்டிகள், பால் வெள்ளை.

"வெள்ளைக் குட்டியில சிலதுக்குக் காது கேக்காதாமே?" என்றார் வந்தவர்.

"அதுக்குத்தான் சார் தறி பூராத்தையும் நிப்பாட்டிட்டேன். அந்தச் சத்தத்துல எதைச் சோதிக்க? ஒரு மணி நேரம் ஆனாலும் நிதானமாப் பாருங்க. ஆர்டர் எங்க போயிரப் போவுது?" சுவரோரம் நின்ற வேலையாட்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, செத்த நேரம் பேசாம நில்லுங்க."

வந்தவர் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் போய்க் கையைத் தட்டினார். நான்கு திரும்பின. ஐந்தாவது செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. வைகுண்டராஜே போய்த் தட்டிப் பார்த்தார். அது செருப்பை விடவில்லை.

"இதை விடுங்க சார். காது கேக்காததை உங்க தலையில கட்டிட்டு, அந்தப் பாவத்தை நான் எங்க போயித் தொலைக்க?"

செல்லக்கனி முற்றத்து ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலையில் ஒட்டிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை நின்றிருக்கிறதே, டீ போடலாமா என்று கேட்க ஹெப்சிபா அவளுக்குப் பின்னால் வந்தாள்.

"அம்மா."

அம்மா பஞ்சை எடுத்தாள்.

தறி ஓடும் வீடுகளில் யாரும் யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. எதிரே வந்து கையை ஆட்டுவார்கள், இல்லையென்றால் தோளைத் தொடுவார்கள். பிறந்ததிலிருந்து ஹெப்சிபாவும் அப்படித்தான்.

"அம்மா, டீ போடட்டுமா?"

இரண்டடி தூரம்கூட இல்லை. முற்றத்தில் ஈ பறந்தால் கேட்கும்.

ஹெப்சிபா இன்னும் ஓரடி நெருங்கினாள். பிறகு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினாள்.

நான்கு குட்டிகள் திரும்பின. வைகுண்டராஜ் திரும்பினார். கார்க்காரரும் திரும்பினார்.

செல்லக்கனி விரலில் சுற்றியிருந்த பஞ்சை ஊதிவிட்டு, தலையை அள்ளிக் கொண்டை போட்டாள்.