மழை ஜெபத்துக்கு ஒரு பந்தல்

"ஞானப்பூ வரலையா?"

வேதக்கோயில் வாசலில் நின்று ஜெபக்கனி கேட்டாள். பெண்கள் சங்கச் செயலாளர். கேட்டது பக்கத்தில் நின்ற வனிதாவிடம்தான், ஆனால் சத்தம் உள்ளே பீடம் வரைக்கும் போனது.

"வரலக்கா. களத்துல சோலி கெடக்காம்."

"இன்னைக்குமா? சபையே உபவாசமிருந்து மழைக்கு ஜெபிக்குது. அவளுக்கு மட்டும் அப்படி என்ன சோலியாம்?"

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் அது. முதல் பறிப்பு மிளகாய் ஊர்ப் பொதுக்களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. செடியோ புஞ்சையில் வாடிக்கொண்டிருந்தது. ஒரு மழை விழுந்தால் இன்னும் இரண்டு பறிப்பு பார்க்கலாம். இல்லையென்றால் செடியைப் பிடுங்கி அடுப்பில் வைக்க வேண்டியதுதான். ஜெபக்கனிக்கு ஈஸ்டர் கழிந்து மகள் கல்யாணம் வேறு. எல்லாம் இந்த மிளகாய் வத்தலை நம்பித்தான்.

கோயிலோ சின்னது. வந்த கூட்டத்தில் பாதி வெளியே நின்றது. மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெபக்கனிதான் யோசனை சொன்னாள்.

"களத்துல எங்க புதுத் தார்ப்பாய் கெடக்கு. எடுத்தாந்து பந்தலாக் கட்டுங்க."

கட்டினார்கள். ஜனம் நிழலில் உட்கார்ந்து மழைக்கு ஜெபித்தது. ஜெபக்கனியின் தாராள மனசை உபதேசியார் துரைசிங் மைக்கிலேயே பாராட்டிவிட்டார். அவளும் அடக்கமாகத் தலையைக் குனிந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் மறுபடியும் ஞானப்பூ பேச்சை எடுத்தாள் ஜெபக்கனி.

"போன வருசம் அடி விழுந்துச்சுல்லா, அதோட போச்சு அவ விசுவாசம்."

போன வருடக் கதை ஊருக்கே தெரியும். கால் முறிந்த புருஷனோடு ஞானப்பூ கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. அவரவர் ஓடிப்போய் அவரவர் வத்தலை மூடினார்கள். ஞானப்பூ வத்தலை மூட ஒருத்தருக்கும் கை வரவில்லை. மொத்தமும் நனைந்து, பூசணம் பூத்து, குப்பைக்குப் போனது.

துக்கம் கேட்கப் போன ஜெபக்கனி, "சோதனை வந்தா சந்தோசப்படணும் ஞானப்பூ. ஆண்டவர் உன்னயப் பலப்படுத்துதாரு" என்று சொல்லி, அவள் கையால் காப்பியும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

"நான் அவ்வளவு எடுத்துச் சொல்லியும் மண்டையில ஏறலயே!" என்றாள் ஜெபக்கனி. "காலையில நானே போயி கூப்பிட்டேன். 'நீங்க போயி கேளுங்க மதினி, நான் களத்துல இருக்கேன்'னுட்டா. அதுக்கு ஒரு சிரிப்பு வேற!"

"ஐயோ பாவம்" என்றாள் வனிதா.

"என்ன பாவம்? பின்வாங்கிப் போயிட்டா. அவளுக்காகவும் ஒரு ஜெபம் பண்ணணும்."

பண்ணினார்கள். பெயரைச் சொல்லியே பண்ணினார்கள்.

பந்தலுக்குக் கீழே இருந்ததால் வானம் கறுத்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை. "ஆண்டவரே, எங்கள் சகோதரி ஞானப்பூவின் குளிர்ந்துபோன விசுவாசத்தை..." என்று ஜெபக்கனி உருகிக்கொண்டிருக்கும்போது, தார்ப்பாய் மேல் பொத்தென்று ஒரு சத்தம்.

இன்னொன்று. அப்புறம் சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"அல்லேலூயா!" என்றார் துரைசிங்.

எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஐயையோ, வத்தலு!"

ஆமென் சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை. வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக மொத்தச் சபையும் களத்தைப் பார்த்து ஓடியது. செருப்பில் கரிசல் மண் அப்பி, போகப் போக எல்லாரும் உயரத்தில் வளர்ந்துகொண்டே போனார்கள்.

பாதி வழியில்தான் ஜெபக்கனிக்குத் தன் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. அது வேதக்கோயில் வாசலில் ஜம்மென்று நனைந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய் அவிழ்த்து வருவதற்குள் கல்யாணமே கரைந்துவிடும்.

"ஆண்டவரே, கொஞ்சம் நிறுத்தும்! அஞ்சே அஞ்சு நிமிசம்!" என்று ஓடிக்கொண்டே அடுத்த ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள்.

களத்துக்கு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

வத்தலெல்லாம் கூட்டிக் குவித்திருந்தது. கண்ணில் பட்ட குவியல் மேலெல்லாம் தார்ப்பாய். ஓரத்துக்கெல்லாம் கல். நடுவில் ஞானப்பூ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொப்பலாக நனைந்து, கடைசிக் கல்லை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இதுக்கா காலையிலயிருந்து இங்கன கெடந்த?" என்றாள் ஜெபக்கனி மூச்சு வாங்க.

"பின்ன? கேக்கப் போறதுக்கு அத்தனை பேர் இருக்கீய. அவரு குடுத்துட்டாருன்னா பாத்துக்கிட ஒரு ஆளு வேண்டாமா?"

ஜெபக்கனி தன் குவியலைத் தேடி ஓடினாள். பத்திரமாக மூடியிருந்தது. மேலே கிடந்தது மூலையில் ஒட்டுப் போட்ட நீலத் தார்ப்பாய். அது ஞானப்பூவுடையது.

பக்கத்திலேயே ஞானப்பூவின் குவியல். மேலே ஒன்றும் இல்லை. அடியில் தண்ணீர் சிவப்பாக வடிந்துகொண்டிருந்தது.

ஜெபக்கனி ஞானப்பூ பக்கம் திரும்பினாள். "ஏட்டி... உன்னுத நனைய விட்டுட்டு என்னுத எதுக்கு மூடுன?"

ஞானப்பூ முகத்து மழையை வழித்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு நனைஞ்சு பழக்கம் மதினி. உங்களுக்கு இதுதான மொதச் சோதனை... தாங்க மாட்டீய."