மெஷினுக்குக் கிறுக்கு

"மறுபடியும் மஞ்சளா? உன் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு தம்பி!" ஆய்வகத் தலைவி மேடம் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது.

என்ஜினியர் பேயறைந்தது போல் நின்றான். எச்சிலைச் சோதித்து, கர்ப்பிணிக்கு வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் மெஷின் அது. கர்ப்பமில்லை என்றால் பச்சை விளக்கு. கர்ப்பம் என்றால் மஞ்சள், கூடவே திரையில் ஓர் எச்சரிக்கை.

தன் அக்கா தலைப்பிரசவத்தில் ரத்த அழுத்தம் எகிறிச் செத்துப் பிழைத்ததைப் பார்த்தவன் அவன். அன்றிலிருந்து சோறு தூக்கம் பார்க்காமல் கட்டிய மெஷின். சற்று நேரத்தில் சுகாதாரத் துறை அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். இன்று சொதப்பினால் மெஷினோடு அவனையும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

"கர்ப்பமே இல்லாத ஆளோட எச்சில் இது. இதுக்குப் போய், 'கர்ப்பம். ரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும்'னு காட்டுது!"

"குழாய் மாறியிருக்குமோ மேடம்?"

"எப்படி மாறும்? காலையில நானே வந்து, நானே ரொப்பி, நானே மூடி வச்சேன். உங்களை நம்பி எந்த வேலையை விட்டிருக்கேன்?" அது வாஸ்தவம்தான். பேனாவைக்கூட அடுத்தவர் கையில் கொடுக்காதவர் மேடம்.

அவன் தெம்புக்குக் காபிக் கோப்பையை எடுத்தான்.

"ஐயோ, அதை வெளியில கொட்டு! குடலைப் புரட்டுது." கோபம் வந்துவிட்டால் மேடத்துக்குக் காபிகூட எதிரிதான்.

வேறு வழி தெரியாமல், புதுக் குழாய் ஒன்றில் தானே துப்பி மெஷினில் செருகினான். இதற்கும் மஞ்சள் எரிந்தால் வீட்டில் என்ன சொல்வது என்று வேறு உதறல். நல்லவேளை, பச்சை. ஆய்வக உதவியாளர் பெண்ணும் துப்பிக் கொடுத்தாள். அதற்கும் பச்சை.

"மெஷின் நல்லாத்தானே இருக்கு? அந்தக் குழாயில இருக்கறது யாரோட எச்சில் மேடம்?"

"வேற யாரோடது? என்னோடதுதான்! மூத்தவ காலேஜ் போறா. இந்த வயசுல என் எச்சிலைப் போய்..."

குரல் பாதியில் நின்றது. மேடத்தின் கை மெல்ல வயிற்றுக்குப் போனது.

என்ஜினியர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கத்தாம உக்காருங்க மேடம், பிரஷர் ஏறிடப்போகுது."