கடற்காற்று வாங்க வந்தவர்கள்

"அதோ பாரு, இன்னிக்கும் ஜோடியா வந்து உக்காந்துட்டாங்க!" என்று சிரித்தாள் மீன்காரி. "வந்து ஆறு மாசமாச்சு. வேலையும் இல்ல, வெட்டியும் இல்ல. நம்மூரு வஞ்சிரம் அந்த மனுசன எப்படி ஊத வெச்சிருக்கு பாரேன்."

ரத்தினசாமி பார்த்தான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஒரு பெருத்த முதுகு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவன் அண்ணி பூவம்மாள், முள்ளை எடுத்துவிட்டு மீனை அந்த ஆளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தாலியறுத்தவள் தலைகொள்ளாமல் பூ வைத்திருந்தாள்.

"இன்னா தம்பி, தெரிஞ்சவங்களா?"

"ரொம்ப வேண்டியவங்க" என்றவன், இடுப்பில் செருகியிருந்த கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆம்பூர்த் தோல் கிடங்கில் தோலின் ஓரத்தை நறுக்குகிற கத்தி அது. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும்.

அதே கிடங்கில்தான் அவன் அண்ணன் வேலாயுதமும் வேலை பார்த்தான். குண்டு மேஸ்திரி தனகோட்டிக்குப் பூவம்மாள் மேல் ஒரு கண். அதற்காக அண்ணனும் மேஸ்திரியும் கிடங்கு வாசலிலேயே கட்டிப் புரண்டது ஊரறிந்த விஷயம். அடுத்த வாரமே, சுண்ணாம்புத் தொட்டியைக் கிளறியபோது தோலோடு தோலாக ஒரு பிணம் மேலே வந்தது.

தோலில் மயிர் உதிரத்தான் சுண்ணாம்பில் ஊறப் போடுகிறார்கள். அது மனிதனின் மீசையைப் பார்த்து மரியாதை கொடுக்குமா? முகம், முடி எதையும் விட்டுவைக்கவில்லை. கையில் கட்டியிருந்த தாயத்து மட்டும் இருந்தது. அது வேலாயுதத்தின் தாயத்து.

"இன்னாப்பா, வேலாயுதம் இம்மாம் பெரிய ஆளா?" என்று கேட்டார் விசாரிக்க வந்த ஏட்டு.

கிடங்கு ஆட்களுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. "ஆட்டுத் தோலே தொட்டியில கெடந்தா ரெண்டு பங்கு ஊதும் ஏட்டய்யா. மனுசன் ஊத மாட்டானா?" என்றார்கள். தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏட்டும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்கு நாலு நாள் முன்பிருந்தே மேஸ்திரியையும் காணோம், பூவம்மாளையும் காணோம். ஊருக்கு வேறென்ன வேண்டும்? கட்டினவனைத் தொட்டியில் தள்ளிவிட்டுக் கள்ளப் புருஷனோடு ஓடிவிட்டாள் என்று காறித் துப்பியது.

அம்மா ரங்கம்மாள் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பாவம், பெற்றவள் கல்லாகிப் போனாள் என்றார்கள். ரத்தினசாமியோ தினமும் கள்ளுக்கடையில் நின்று, "அந்த மேஸ்திரியத் தோலுரிப்பேன்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் வாயில் எதுவும் தங்காது, நல்லதும் தங்காது கெட்டதும் தங்காது.

கடைசியில், தோல் பதனிடக் கிடங்குக்கு ஆவாரம்பட்டை வண்டி ஓட்டும் நிசார் அஹமது வந்து சொன்னார். "உங்க பூவம்மாவப் பாண்டியில தூரக்க பாத்தேன்பா. ஒரு குண்டு ஆளோட கடலோரம் ஜாலியா கீறா."

பாண்டி பிரெஞ்சுக்காரன் ஊர். ஆம்பூர்ப் போலீஸ் அங்கே கால் வைக்க முடியாது. ரத்தினசாமி கத்தியைத் தீட்டினான். அம்மா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போவாதடா! எனக்குப் பழியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"நீயெல்லாம் பெத்தவளா? எங்கண்ணன் எனக்கு அப்பன் மாதிரிம்மா! அவன் ரத்தத்துக்கு நான் பதில் சொல்ல வேணாமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூச்சல் கேட்டு வாசலில் சனம் கூடிவிட்டது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அவளை உதறித் தள்ளிவிட்டுக் கிளம்பி வந்தவன்தான் இப்போது இந்தக் கடற்கரையில் நிற்கிறான்.

பின்பக்கமாக மணலில் நடந்தான். அலைச் சத்தத்தில் அவன் காலடி யாருக்கும் கேட்கவில்லை. பூவம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்து ஒரு பக்கம் வீசினான். அந்த ஆள் என்னவென்று திரும்புவதற்குள் கத்தி விலாவில் இறங்கிவிட்டது.

"காத்தா வாங்குற மேஸ்திரி? வாங்குடா! இது எங்கண்ணனுக்கு! இதுவும் எங்கண்ணனுக்கு!"

ஒவ்வொரு குத்துக்கும் ரத்தம் அவன் முகத்திலேயே பீறிட்டது. வாய் நிறைய மணலோடு தவழ்ந்து வந்த பூவம்மாள், பேச முடியாமல் அவன் கையைக் கடித்துத் தொங்கினாள். முழங்காலால் அவள் முகத்தில் இடித்தான். மூக்கு உடைந்து அவள் சுருண்டாள். மீன் கூடையைப் போட்டுவிட்டு மீன்காரி அலறிக்கொண்டு ஓடினாள்.

பெருத்த உடம்பு குப்புற விழுந்து துடித்தது. அந்த முகத்தில் காறித் துப்பிவிட்டுத்தான் போவது என்று ரத்தினசாமி அதைக் காலால் புரட்டினான். தலையில் இருந்த துண்டை அலை இழுத்துக்கொண்டு போயிற்று.

துப்பக் குனிந்தவன் அந்த முகத்தைப் பார்த்துத் துப்பாமல் நின்றுவிட்டான். கத்தி கையைவிட்டு நழுவியது.

கீழே கிடந்தவன் ரத்தம் வழியும் கையைத் தூக்கி அவன் கன்னத்தைத் தொடப் பார்த்தான்.

"தம்பி... அம்மா உங்கிட்ட சொல்லலியாடா?"