தைலம் முழு ஆளைப் பார்த்த நாள்

அலமாரியின் மேல்தட்டில் ஒரு தைலக் குப்பி இருந்தது, கீழ்த்தட்டில் ஓமத் தண்ணீர் பாட்டில். தலைக்கானது மேலே, வயிற்றுக்கானது கீழே என்பது அந்த வீட்டு வழக்கம். தைலத்துக்கு அதில் ஏகப் பெருமை.

“நான் தொடுறது நெத்தியை. உன் பிழைப்பு ஏப்பத்தோட சரி” என்று கீழே பார்த்துச் சொல்லும்.

“காலையிலிருந்தே பூங்கோதை அம்மாவுக்கு வயிறு உப்பிக் கிடக்கு. அடுத்து உன்னைத்தான் தேடுவாங்க” என்றது ஓமத் தண்ணீர்.

“வயித்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” என்று தைலம் சிரித்தது.

சிரித்து முடிக்கவில்லை, அலமாரிக் கதவு திறந்தது. பூங்கோதை ஒரு பக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஜன்னலைச் சாத்துங்க, வெளிச்சம் குத்துது. குமட்டிக்கிட்டு வேற வருது” என்று கணவனிடம் சொல்லிவிட்டு, குப்பி, பாட்டில் இரண்டையும் எடுத்துப்போய்த் தலையணை அருகே வைத்துப் படுத்தாள்.

தைலம் அதுவரை நெற்றியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. இப்போதுதான் முழு ஆளையும் பார்த்தது. கீழே வயிறு கடமுடவென்று உருண்டது. மேலே நெற்றிப்பொட்டில் நரம்பு துடித்தது. மறுபடி உருண்டது, மறுபடி துடித்தது. நடுவில் எத்தனை எலும்பு, எவ்வளவு இருட்டு! அத்தனையையும் தாண்டி ஒன்று கூப்பிடுகிறது, ஒன்று பதில் சொல்கிறது.

தைலம் ஓமத் தண்ணீர் பக்கம் மெல்லத் திரும்பியது. பிறகு, “அண்ணே” என்றது முதல் முறையாக. “கீழே என்ன சொல்லுதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க.”