கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

டமாரென்று தகடு வெட்டும் பிரஸ் இறங்குகிறது. தொழிற்சாலை மருத்துவ அறையின் மேஜையில் தண்ணீர் தம்ளர் நடுங்குகிறது. காது சோதனைக்கான கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மாப்பிள்ளையிடம் ஓர் அசைவும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானில் கட்டைவிரலை வைத்து உட்கார்ந்திருக்கிறான். வெளியே பெஞ்சில் இருக்கும் மச்சானுக்கு அந்த நிம்மதியான முகத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. பதினெட்டு வருடமாக இருவருக்கும் ஒரே பிரஸ்தான். தங்கை புருஷன் காதடைப்பானைச் செருகும்போதெல்லாம், "தோடு எடுப்பா இருக்கு மாப்ளே" என்று கேலி செய்தவன் மச்சான். சற்று முன் அதே கூண்டில், சத்தமே வராதபோதும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவனும் அவன்தான். மேஜைமேல் ஜன்னல் வெயிலில் இருக்கும் சோதனைத் தாளில், அவனுடைய கேட்கும் திறனைக் காட்டும் கோடு பள்ளத்தில் சரிந்து கிடக்கிறது.

"இரைச்சல்ல காது நரம்பு அடிபட்டிருக்குண்ணே. வர வேண்டிய சத்தம் வரலைன்னு மூளையே வால்யூமைக் கூட்டிக்குது. அதான் உங்க காதுக்குள்ள எப்பவும் அந்த ஙொய்ங்," என்கிறாள் நர்ஸ்.

"நிக்குமா?"

"பழகிக்கலாம்ண்ணே."

கூண்டுக் கதவு திறக்கிறது. மாப்பிள்ளை சோம்பல் முறித்தபடி வருகிறான்.

"உள்ள உனக்கு என்ன கேட்டுச்சு?" என்கிறான் மச்சான்.

"நடுநடுவுல பீப் சத்தம். மத்த நேரம் ஒண்ணுமே கேக்கல மச்சான், தூக்கமே வந்துடுச்சு."

மச்சான் பெஞ்சில் நகர்ந்து இடம் விடவில்லை.

"அந்த ஒண்ணுமே கேக்காத நேரம் எப்படி இருந்துச்சு, அதை மட்டும் சொல்லு."