வலையியல் பட்டதாரி

காட்டுக் கல்லூரியில் மூன்று வருஷம் வலையியல் படித்து முதல் வகுப்பில் தேறிய சிலந்தி, பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதன் கீழே பட்டினி கிடந்தது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஈ கேட்டது: “என்னக்கா, வலையவே காணோம்?”

“மேஜர்ல வலை வரலாறு, வலைக் கோட்பாடு, வலை நிர்வாகம் எல்லாம் இருந்துச்சு. வலை பின்னுறது மட்டும் எலெக்டிவ்.”

“அதை எடுத்திருக்கலாமே?”

“எடுத்தேன். பத்துப் பேர் சேரலைன்னு ரத்து பண்ணிட்டாங்க. கிரெடிட் குறையக் கூடாதுன்னு குயில்பாட்டுல சேர்த்துவிட்டாங்க.”

“அப்ப பாடுவீங்களா?”

“சேச்சே, தியரிதான். தொண்ணூறு மார்க்!”

ஈ சாவகாசமாகப் பறந்துபோய் அந்தப் பட்டத்தின் மேலேயே உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் கூப்பியது.

“உங்க கல்லூரி நூறு வருஷம் நல்லா இருக்கணும்க்கா!”