மயிலேறி

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் அடுத்த பக்கம் வந்தது.

'பிறர் உழைப்பைத் தன் உழைப்பாகக் காட்டுவது திருட்டு.'

மேடையில் நின்ற தமிழ்ப் பேராசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார். இரண்டாம் முறை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அந்த வரியை எழுதியதும் அவள்தான். ஆய்வு நெறிப் பயிற்சிக்கென்று நாற்பத்திரண்டு பக்கங்களையும் ராப்பகலாக உட்கார்ந்து செய்து கொடுத்தவள் அவள். இப்போது மேடையோரம் நின்று பொத்தான் அழுத்துகிறவளும் அவள்.

அவர் அவளுடைய நெறியாளர். அந்தப் பதவிக்கு இப்படி ஒரு பெயரை எவன் வைத்தானோ, அவன் வாயில் ஒரு படி உப்பைக் கொட்ட வேண்டும்.

முன்வரிசையில் துறைத்தலைவர்கள். பின்னால் மாணவர்கள், அலுவலகப் பணியாளர்கள். பாதிப் பேர் குறிப்பெடுத்தார்கள். மீதிப் பேர் சாப்பாட்டு வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து வருடம் அவள் தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் கருகினாள். உப்புத் தொழிலாளர் பேச்சிலிருந்து இருநூற்றுப் பதினொரு சொற்களைச் சேர்த்தாள். முதல் வருடக் குறிப்புகளைத் திருத்தித் தருவதாக இவர் வாங்கிக்கொண்டு போனார்.

போனது போனதுதான்.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஆய்விதழில் வந்தது. அவர் பெயரில்.

அதோடு விட்டாரா? அவளுடைய ஆய்வேட்டைத் திருட்டுச் சோதனை மென்பொருளில் போட்டார்கள். நாற்பத்தொரு விழுக்காடு அவருடைய கட்டுரையிலிருந்து எடுத்தது என்று அறிக்கை வந்தது.

"எங்கிட்டயிருந்தேவாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். மொத்தத்தையும் மாற்றி எழுத வேண்டுமாம். இந்த மாதக் கடைசிக்குள். இல்லையென்றால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் குப்பைக்கு.

புகார் கொடுக்கலாம். எதைக் காட்டி? சொற்கள் உப்பளத்தில் கிடக்கின்றன. நானும்தான் போய் அள்ளினேன் என்பார். மறுக்க வழியில்லை.

ஒரே ஒரு சொல்லைத் தவிர.

பொத்தானை அழுத்தினாள். களப்பணிக்கு எடுத்துக்காட்டாக, அவர் கட்டுரையிலிருந்து அந்தச் சொல்லே முழ நீள எழுத்தில் வந்து நின்றது.

'மயிலேறி: உப்பு வாரும் பலகை.'

மூன்று வருடம் உப்பளத்திலேயே கிடந்து, தாமே காதால் கேட்டுப் பதிந்த சொல் என்றார் பேராசிரியர். மயில்மேல் வந்த முருகன்தான் உழைப்பவர் கையில் பலகையாக நிற்கிறானாம். முன்வரிசை தலையாட்டியது. யாரோ கைதட்டினார்கள்.



உப்பளத்துக்குப் போன முதல் வாரம், பலகையைக் காட்டி அவள் பேர் கேட்டாள். மயிலேறி என்றார்கள் பெண்கள். பயபக்தியோடு எழுதிக்கொண்டாள். மறுவருடம் அதைப் படித்துக் காட்டியபோது பாக்கியத்தாய் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது எங்க கங்காணி பேருல்லா, பிள்ள! மிச்சம் வைக்காம வழிச்சு எடுப்பாருன்னு பலகைக்கு அவரு பேர வச்சிருக்கோம்."

கங்காணிக்கும் அந்தக் கேலி தெரியும். பலகை வேண்டுமென்றால் அவரே தன் பேரைச் சொல்லித்தான் கேட்பார். அந்த ஒரு உப்பளத்தைத் தாண்டினால் அப்படி ஒரு சொல் உலகத்திலேயே கிடையாது.

அவள் வெட்கத்தோடு தன் நோட்டில் அதை அடித்துவிட்டாள். நெறியாளரிடம் போன பிரதியில் அடிக்க முடியவில்லை.

சரியாக எழுதிய இருநூற்றுப் பத்துச் சொற்களும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. இந்தத் தப்பான சொல்தான் திறக்க வேண்டும்.

அடுத்த பக்கம், ஒப்புதல் படிவம்.

தகவல் தருபவருக்குப் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும். பெயர் கேட்டு நிரப்ப வேண்டும். அதை மேடையிலேயே செய்து காட்டப்போவதாகப் பேராசிரியர் அறிவித்தார். பத்திரிகைக்குப் படம் வேண்டுமே. களத்திலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று போன வாரம் அவளிடம்தான் சொல்லியிருந்தார். யாரை என்று கேட்கவில்லை. காலையில் வந்து கும்பிட்ட மனிதரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அந்த மனிதர் எழுந்து வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. காலர் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். கங்காணி.

பேர் கேட்டால் சத்தமாகச் சொல்லுங்கள் என்று மட்டும் அவள் சொல்லி வைத்திருந்தாள்.

பேராசிரியர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். மூன்று வருடம் உப்பளத்தில் கிடந்தவருக்கு அதன் கங்காணியைத் தெரியவில்லை. படம் எடுத்தார்கள்.

இருவரும் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். பேராசிரியர் படிவத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார். மைக்கை நீட்டினார்.

"உங்க பேரைச் சொல்லுங்க, பெரியவரே."

அவள் பொத்தானை அழுத்தினாள். இந்த முறை முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் பொத்தானை.

கங்காணி சொன்னார். அரங்கத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

பேனா 'ம' போட்டது. 'யி' போட்டது. 'லே' போட்டது.

நின்றுவிட்டது.

முன்வரிசை திரையைப் பார்த்தது. கங்காணியைப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கைகள் ஓய்ந்துபோயின.

கங்காணி எட்டிப் படிவத்தைப் பார்த்தார். படித்த மனிதருக்கு எழுத்தில் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கில் மெதுவாகச் சொன்னார்.

"பெரிய றி போடுங்கய்யா."